ஸ்டாப்பர் இல்லாத கேட்டைத் தள்ளிய அண்ணனுக்கு

என்னைத் தனியாகக் கத்தவிட்டுப் போன என் பாசத்துக்குரிய பரசு அண்ணாவுக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. முதலில் திட்டிவிடுகிறேன். போன சித்திரையில் நீ போனதிலிருந்து உன்னைத் திட்ட வீட்டில் யாரும் விடவில்லை. போனவரைப் பேசக்கூடாதாம். இருக்கும்போது திட்டினால் சிரித்துக்கொண்டே டூல் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து கேள்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. படாளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஆட்டோமேட்டிக் கேட் வைத்த வீடுகளிலெல்லாம் மோட்டார் பெட்டியின் மேல் உன் நம்பரோடு நீ ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. கேட் நின்றுபோனால் அதைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். அவர் இல்லை, தங்கச்சி மலர் பேசுகிறேன், நானும் அண்ணனோடுதான் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வரச் சொல்கிறார்கள். போய் நின்றால் எனக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை இறங்குகிறாரா என்று எட்டிப் பார்க்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்ததும் என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தது நீதானே, வந்து இவர்களிடம் சொல்லேன்.

வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. ஐப்பசி மழையில் வயலோரத்து வீடுகளில் மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர் போனது. தண்ணீர் வடிந்ததும் எறும்பு குடிவந்தது. கடலோரத்தில் உப்புக்காற்று வழக்கம்போலப் பல்சக்கரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மார்கழியில் பனி இறங்கி, கேட்டின் சென்சார் கண் மங்கி, மூட வேண்டிய கேட்டெல்லாம் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் மோட்டாரின் சர்க்யூட் போர்டின் மேல் பல்லி ஒன்று கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் வந்த அட்டைப்பெட்டியில் எந்த வெயிலையும் மழையையும் தாங்கும் என்று போட்டிருக்கிறது. எழுதினவன் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஒரு நாள் நின்றிருக்க மாட்டான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் உன் போன் ஓயவேயில்லை. எல்லா வீட்டிலும் ஒரே குறைதான், கேட் திறக்கிறது, மூட மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தால் கேட்டின் கண்ணில் இத்தனை சந்தனம், அதன் மேல் குங்குமம். குறுக்கே ஆள் நிற்கிறாரா என்று பார்க்கிற கண்ணை அடைத்துவிட்டால் அது எப்படி மூடும்? நீ இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தள்ளிப் பெட்டியின் மேல் அழகாகப் பொட்டு வைத்துவிட்டு வருவாய். நானும் அப்படியே வைத்தேன். வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அழுதேன். அழுகையும் இல்லை அது, ஆத்திரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். உன் போன் அடித்தது. நாவலூர்க்காரர்.

உனக்கு அவரைத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாவலூரில் ஆபீஸ். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் நிலமும் பண்ணை வீடும். அந்த வீட்டின் இரும்பு கேட்தான், ரிப்பேர் பார்க்கப் போன உன் மேல் விழுந்தது. பக்கவாட்டில் தண்டவாளத்தில் ஓடுகிற கேட் அது. தண்டவாளக் கடைசியில் ஸ்டாப்பர் என்று ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்திருப்பார்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளும்போது கேட்டைத் தடுத்து நிறுத்த அது ஒன்றுதான் உண்டு. அது இல்லாவிட்டால் கேட் மேலே பிடித்திருக்கிற உருளையை விட்டு நழுவி அப்படியே சாயும். தள்ளுகிறவன் மேல்தான் சாயும்.

நீ விழுந்த அன்று நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கே ஸ்டாப்பர் இல்லை. கேட்டதற்கு, விழுந்த வேகத்தில் பிய்ந்துபோயிருக்கும் என்றார். அதோடு விட்டாரா? "அவர் மேல வாசனை வந்துச்சு" என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் காதுபடச் சொன்னார். அண்ணா, நீ போர்டு துடைக்கிற தின்னர் வாசனை அது. சட்டையெல்லாம் அதுதானே அடிக்கும் உனக்கு. நான் சொன்னதை யார் கேட்டார்கள்? குடித்துவிட்டுத் தள்ளினான் என்று ஊரில் முடிவாகிவிட்டது. கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டுத் தொடாத உன்னைத்தான் சொல்கிறேன்.

அண்ணி ரேஷன் கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். உன் மகள் யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு நாள் கேட்டாள், அப்பா குடிச்சிருந்தாரா என்று. அண்ணி இல்லை என்றார். குழந்தை தலையாட்டியது. நம்பவில்லை, அண்ணா. அம்மா அப்படித்தான் சொல்வாள் என்கிற மாதிரி ஒரு தலையாட்டல் அது.

அந்த மனிதருக்குத்தான் போன் அடிக்கத் தோன்றியிருக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்து அடித்திருக்கிறார், யாருடைய நம்பர் என்றுகூட யோசிக்கவில்லை. என் பேரைக் கேட்டும் போனை வைக்கவில்லை. பிறகு, மழைக்குப் பிறகு மோட்டார் ஓடவில்லை, கூப்பிட்ட ஆட்கள் யாரும் அந்த கேட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அறுவடை மெஷின் வருகிறது, வர முடியுமா என்றார். வருகிறேன் என்றேன். அண்ணியிடம் சொன்னதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

போனதும் நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. நேரே தண்டவாளக் கடைசிக்குப் போனேன். என்ன இருந்தது தெரியுமா? ஒன்றும் இல்லை. ஒரு ஆளைக் கொன்ற பிறகும் அங்கே ஒன்றும் இல்லை. கேட்டைத் திரும்ப நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஒரு முழ இரும்பை வெல்டிங் செய்யவில்லை. குனிந்து தடவிப் பார்த்தேன். பிய்ந்த இடம் இல்லை அது. கட்டர் வைத்து மழமழவென்று அறுத்த இடம்.

ஸ்டாப்பர் போட்டுவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவேன் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது வேண்டாம், ஸ்டாப்பர் இருந்தால் கேட் முழுக்கத் திறக்காது, மெஷின் உள்ளே நுழையாது, அறுவடை முடியட்டும் என்றார். பிய்ந்ததில்லை, அறுத்ததுதான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

அப்போது காவல்காரர் ஏழுமலை வைக்கோல் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நீ விழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒரே ஆள். இத்தனை மாதம் வாயைத் திறக்காத ஆள். அண்ணியைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு குடிக்கல சார். வந்ததும் ஸ்டாப்பர் எங்கன்னு கேட்டாரு. மெஷினு வர்றதுக்கோசரம் நீங்க அறுக்கச் சொன்னீங்கன்னேன். வெல்டிங் ஆள இட்டுகினு வா, அப்பால தொறக்கலாம்னாரு. நீங்க வெளிய கார்ல குந்திகினு ஆரன் அடிச்சிகினே இருந்தீங்க. சரி, பாத்துக்கலாம்னு தள்ளுனாரு. சக்கரத்துல வைக்கோலு சுத்திகினு நவுரல. இன்னும் அழுத்தித் தள்ளுனாரு. பட்டுனு வுட்டுகிச்சு."

அண்ணி மெதுவாகக் கேட்டார். "இத்தினி நாளு இன்னாத்துக்குய்யா சொல்லல?" வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொல்லி ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவரையும் திட்டத்தான் வாய் வந்தது. குனிந்த தலையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஆனால் நாவலூர்க்காரருக்கு இதிலும் ஒரு பிடி கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா, தெரிஞ்சேதான தள்ளியிருக்காரு" என்றார்.

அண்ணா, அந்த நிமிஷம் எனக்கு யார் மேல் அதிகக் கோபம் வந்தது என்று சொல்லட்டுமா? உன் மேல்தான். நீ தெரியாமல் தள்ளினாய் என்று நினைத்துக்கொண்டுதானே இத்தனை மாதம் ஊரோடு சண்டை போட்டேன். கண்ணால் பார்த்திருக்கிறாய். வாயால் கேட்டிருக்கிறாய். அப்புறமும் பாத்துக்கலாமா? எனக்கு ஆயிரம் தடவை சொன்னாயே, கேட்டில் கை வைக்கும் முன் கடைசியைப் போய்ப் பார் என்று. எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? ஏ.சி. காரில் உட்கார்ந்திருந்த ஒருவரை இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

உன்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம் என்று அவரிடம் திரும்பினேன். "எங்கண்ணன் தெரிஞ்சுதான் தள்ளிச்சு. நீங்க தெரிஞ்சுதான் அறுத்தீங்க. ரெண்டும் ஒண்ணா சார்?"

பதில் வருமுன் அறுவடை மெஷின் வந்து நின்றது. ஆத்தூர்ப் பக்கத்து ஆட்கள். டிரைவர் இறங்கி வந்து, எதற்கு இத்தனை பேர் நிற்கிறோம் என்று கேட்டார். ஏழுமலை எல்லாவற்றையும் சொன்னார். ஒருமுறை வாயைத் திறந்த மனிதரை அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. டிரைவர் கேட்டை ஏற இறங்கப் பார்த்தார். அந்த கேட் நிற்கிற வழியாகத் தன் ஆட்கள் யாரும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, மெஷினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

உள்ளே நெல் தலை சாய்ந்து கிடந்தது. அன்றைக்கு விட்டால் மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும். மேகம் வேறு மூட்டம் போட்டிருந்தது. நாவலூர்க்காரர் வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன செய்யலாம் என்றார். கேட்டை இறக்கிப் படுக்க வைக்க வேண்டும், அறுவடை முடிந்து ஸ்டாப்பர் போட்ட பிறகுதான் நிமிர்த்த வேண்டும் என்றேன். சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றார். போன சித்திரையில் இந்தச் சரி எங்கே போயிருந்தது?

அண்ணி ஒரு படி மேலே போய்விட்டார். தன் போனில் வீட்டுக்கு அடித்து, யாழினி எடுத்ததும் அதை அவரிடம் நீட்டினார். "எங்க பொண்ணு கேட்டுகினே கீது சார், அப்பா குடிச்சிருந்தாரான்னு. நீங்க சொன்ன பேச்சு. நீங்களே வாபஸ் வாங்கிடுங்க." அவர் வாங்கத் தயங்கினார். டிரைவர் பீடியைப் பாதியிலேயே அணைத்துக் காதில் செருகிக்கொண்டு அவரையே பார்த்தார். அவர் போனை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உங்க அப்பா குடிக்கலம்மா, நான்தான் தப்பா சொல்லிட்டேன் என்றார். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு நெல் சாய வேண்டியிருந்தது. உன் உயிர் போதவில்லை.

அப்புறம் கயிறு கட்டினோம். மெஷின் ஆட்கள், ஏழுமலை, நான். அண்ணியும் ஒரு பக்கம் பிடித்தார், வேண்டாம் என்றதற்கு முறைத்தார். கீழே வைக்கோல் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அதைத் தரையில் கிடத்தினோம். ஒரு சத்தம் வரவில்லை. உன் மேல் விழுந்தபோது பக்கத்து ஊர்வரை கேட்டதாம்.

அது இன்னும் படுத்துத்தான் கிடக்கிறது. ஸ்டாப்பர் போட அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஏழுமலையின் வீட்டுக்காரம்மா அதன் மேல் மிளகாய் காயப்போடுகிறார். ஏழுமலைக்கு வேலை போகவில்லை, அவர் வாங்குகிற சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. போய்ப் பார்க்க ஆசையாக இருந்தால் போய்ப் பார், அந்த கேட்டைப் பார்த்து இனி யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தோம். யாழினி வாசலிலேயே நின்றாள். அவள் முகம் அன்று கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் உன் மகள் அல்லவா, ஒரு கேள்வியோடு விடுவாளா? குடிக்கலன்னா எப்படி விழுந்துச்சு என்றாள். ஸ்டாப்பர் இல்லை, அப்பா தள்ளினார் என்றேன். ஸ்டாப்பர் இல்லாதது அப்பாவுக்குத் தெரியுமா என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, அண்ணா. தெரியும் என்றேன்.

"அப்ப ஏன் அத்தை தள்ளுனாரு?"

வெளியே ஒருவர் ஹாரன் அடித்தார் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்ல? நீயே சொல். அந்த ஹாரனில் அப்படி என்ன இருந்தது? அண்ணி முகமா, இவள் முகமா, எதுவும் அந்த நேரத்தில் குறுக்கே வரவில்லையா உனக்கு?

பதில் வராது என்று தெரியும். அதனால் ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். உன் ஸ்டிக்கரைக் கிழிக்க மாட்டேன். உன் போனை அணைக்க மாட்டேன். யார் கூப்பிட்டாலும் போவேன், ஆனால் கடைசியில் போய் ஸ்டாப்பரைப் பார்க்காமல் ஒரு கேட்டிலும் கை வைக்க மாட்டேன். வெளியே எந்தக் கார் நின்று எவ்வளவு நேரம் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். என் மருமகள் கேட்ட கேள்வியை இனி எந்த வீட்டுப் பிள்ளையும் என்னை வைத்துக் கேட்காது.

உன்னை மன்னிக்காமலேயே உன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்தவள்,
மலர்