லியோனுக்குப் போகாத அக்காவுக்கு

அக்கா,

இன்று சாயங்காலம் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது சுக்கும் திப்பிலியும் ஓமமும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. பிரசவ மருந்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டிலோ பிள்ளை பிறந்திருக்கிறது, நல்ல சேதிதான். எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அங்கேயே நின்று உங்களைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். பொட்டலம் கட்டிய பையன் ஒருமாதிரி பார்த்தான்.

என் வீட்டு மாடிக்கு பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் எல்லாம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். மார்க் அள்ளலாம் என்று தமிழை விட்டுவிட்டு வந்தவர்கள். மனப்பாடம் செய்து முழு மார்க்கும் வாங்கிவிடுவார்கள். பிரான்சில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அலங்காநல்லூர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒயர்கூடையும் கையுமாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

"எம் மக பிரான்சுல, லியோன்ல மாசமா இருக்கா டீச்சர். தலப்பிரசவம். நாந்தான் போயிப் பாக்கணும். அங்கிட்டு பிள்ள பெத்தவளுக்கு ஐஸ் தண்ணி குடுக்குறாகளாம்! அத வேணாம்னு எப்பிடிச் சொல்றது? அத மட்டும் மொதல்ல சொல்லிக்குடுங்க."

அந்த ஒன்றை மட்டும் நெட்டுருப் போட்டால், நர்ஸ் பதிலுக்கு ஏதாவது கேட்கும்போது முழிக்க வேண்டிவரும் என்றேன். வாக்கியம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தரையில் இருந்த மூன்று டைல்ஸைக் காட்டினேன். முதல் கல்லில் யார், இரண்டாவதில் என்ன செய்கிறார், மூன்றாவதில் எதை. ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் முதல் கல்லில் ஏறியது கண்ணிலேயே நிற்கிறது.

"என்ன டீச்சர் இது? நம்ம சோத்தத் தின்னேங்குறோம். இவுக தின்னேன் சோத்தங்குறாக. அம்புட்டு அவசரமா இவுகளுக்கு?"

அன்று சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. பிறகு நீங்கள் பிடித்துக்கொண்ட வேகம் எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை. "மா ஃபீய் ஆ ஃபேன்", என் மகளுக்குப் பசிக்கிறது. என் மகளுக்குக் குளிருகிறது. என் மகள் தூங்குகிறாள், சத்தம் போடாதீர்கள். முதல் கல்லில் எப்போதும் மகள்தான். எனக்கே எரிச்சல் வந்து, "உங்களுக்குப் பசியே எடுக்காதாக்கா? உங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்களேன்" என்று கடிந்துகொண்டேன். "என்னயப் பத்திச் சொல்ல என்னத்த இருக்கு?" என்றீர்கள்.

ஒருநாள் சொன்னீர்கள். மாடிப்படி ஏறி வந்ததும் உட்காரக்கூட இல்லை, நேராகக் கல்லில் போய் நின்று, இடது நெஞ்சில் கை வைத்து, "ஜே மால் இஸி" என்றீர்கள். எனக்கு இங்கே வலிக்கிறது. ஒரு பிழை இல்லை. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவள் உங்கள் மேலுதட்டைப் பார்த்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, உங்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

"நிஜமாவே வலிக்குதாக்கா?"

"வாக்கியம் சரியா தப்பா? அதச் சொல்லுங்க டீச்சர்."

நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. படியேறினால் வலிக்கிறது, சில நாள் கையும் சேர்ந்து கடுக்கிறது. "வீட்டுல தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு டிக்கெட்ட ரத்து பண்ணிருவாரு. அவ அங்க ஒத்தையில கெடப்பா டீச்சர்." இப்போதே கிளம்புங்கள், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சாவியை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை நீங்களே போவதாகச் சத்தியம் செய்தீர்கள்.

சனிக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தீர்கள். "போயிட்டு வந்துட்டேன். ஈசிஜி எடுத்தாக. வெறும் வாயுதானாம்." எப்படி ஜோடித்தீர்கள் அக்கா! டாக்டர் சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தார், ரொம்ப யோசிக்காதீங்கம்மா என்றார். அதோடு விட்டீர்களா? டாக்டரிடம் போகிறேன் என்பதை பிரெஞ்சில் கட்டி, கல் கல்லாக மிதித்துச் சொல்லியும் காட்டினீர்கள். நான் நம்பி, கைதட்டினேன்.

விமானம் ஏறுவதற்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, ஒரு விடிகாலையில் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "குடுத்து வச்ச மகராசி. பாயில கெடந்து சீரழியாம, பூவும் பொட்டுமாப் போயிச் சேந்துட்டா." எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. எதைக் கொடுத்து வைத்தாள்? மகள் பிள்ளையைக் கையில் வாங்கக்கூட இல்லையே! உங்கள் வீட்டுக்காரரிடம், அந்த வெள்ளிக்கிழமை அக்கா எந்த டாக்டரைப் பார்த்தார் என்று கேட்டேன்.

"டாக்டரா?" என்று விழித்தார். "வெள்ளிக்கிழமை மருந்துச் சாமான் வாங்கியாந்து, பொழுதன்னைக்கும் வறுத்து இடிச்சுக்கிட்டுல்ல இருந்தா."

மூலையில் அந்த மருந்தெல்லாம் போட்டு அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்தது. மகளின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அதுவரை வந்துகொண்டிருந்த அழுகை எனக்கு அங்கே நின்றுபோனது. அப்புறம் வந்தது கோபம்தான்.

உங்கள் வீட்டுக்காரர் மேலும் கோபம் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வலிக்கிறது என்று வாய்திறந்தால் பயணம் போய்விடும் என்று பயந்து பயந்து ஒருத்தி வாழும்படிதான் அந்த வீடு இருந்திருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்திருப்பார், செய்யட்டுமே! நாலு நாள் அவரோடு பேசாமல் இருந்திருப்பீர்கள், என்னையும் கரித்துக் கொட்டியிருப்பீர்கள். பேத்திக்குப் பல் முளைக்கும்போது போயிருக்கலாம். அவள் நடக்கும்போது போயிருக்கலாம். அங்கே ஐஸ் தண்ணீர் குடித்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை அக்கா.

நிறைமாதம் என்பதால் உங்கள் மகளால் வர முடியவில்லை. அவளுடைய அண்ணன் பிடித்த போனில்தான் உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். குழந்தை பிறந்து சில மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "எங்கம்மா உங்ககிட்டயாச்சும் ஏதும் சொன்னாங்களா டீச்சர்? முன்னாடியே வலி இருந்துச்சா?" லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த முறை எடுக்கவே இல்லை. வலியை மறைத்தீர்கள் என்று உங்களைத் திட்டுகிறவள், உங்களுக்காக அதையே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது பாடத்தில் எந்தப் பிள்ளை வலிக்கிறது என்று வாக்கியம் கட்டினாலும், நிறுத்தித் தமிழில் ஒருமுறை கேட்டுவிடுகிறேன். சிரிக்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் வருஷத் திதிக்கு உங்கள் மகள் குழந்தையோடு வருகிறாள். வந்ததும் முதலில் என் வீட்டுக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். டாக்டரே வாயு என்று சொல்லிவிட்டாராம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நிம்மதியாகத் திரும்பிப் போவாள். உங்கள் பொய் தயாராகத்தான் இருக்கிறது. நான் அதைச் சொல்லப்போவதில்லை. வலித்தது, தெரிந்தேதான் மறைத்தாள், உன்னிடம் வர அவ்வளவு ஆசைப்பட்டாள் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். என்னால்தான் என்று அவள் அழுவாள். உன்னால் இல்லையடி, உன் அம்மாவைத் திட்டு, நன்றாகத் திட்டு என்பேன். இத்தனை நாளாக நான் ஒருத்தியே உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும் அக்கா.