சாயம் உதிரும் கண்

டாக்குரியா, கல்கத்தா
18 ஜூலை 2003

சிரஞ்சீவி ஜெயந்துக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் கண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அப்பா என்னைக் கேட்காமல் உனக்கு ஃபோன் செய்து, அம்மாவுக்குப் பார்வை போகிறது என்று அழுதாராம். துறைமுகத்தில் இத்தனை வருஷம் வந்த கப்பலைப் பதிந்தவர், இப்போது வராத கப்பலையும் பதிய ஆரம்பித்துவிட்டார். நடந்தது இதுதான். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் டாக்டர் பானர்ஜி கண்ணின் அழுத்தத்தை அளந்துவிட்டு மறுபடி அளந்தார். கண்ணுக்கு நிறம் தரும் திரையின் பின்பக்கம் உள்ளே உரசி, சாயம் பொடியாக உதிர்கிறதாம். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடையில் அந்தப் பொடி போய் அடைத்துக்கொள்ள, அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்குமாம். சாக்கடை அடைத்து மழைத்தண்ணீர் தெருவில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வலி இருக்காது, ஓரப்பார்வை முதலில் போகும், போனது திரும்பாது. கீழ்வீட்டு வங்காளி அத்தை, நாம் மாஷிமா என்று கூப்பிடுபவள், சின்ன மீனைக் கண்ணோடு சாப்பிடு கோமதி, எல்லாம் சரியாகும் என்கிறாள். நான் கரண்டியைத் தூக்கினாலே அழுத்தம் ஏறும் என்கிறார் அப்பா. வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா வந்துவிடு என்கிறாய் நீ. மூவருக்கும் ஒரே பதில், முடியாது. சொட்டு மருந்து போடுகிறேன், சொன்ன நாளில் பரிசோதனைக்குப் போகிறேன், பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடம் என்னிடம்தான் இருக்கும்.

டாக்டர் அடுத்துச் சொன்னதைத்தான் நீங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. இது பெண்களைவிட ஆண்களுக்கு, அதுவும் கிட்டப்பார்வை உள்ள இளவயதுக்காரர்களுக்கு அதிகம் வருமாம், குடும்பத்தில் தொடரவும் செய்யுமாம். பையன் உண்டா, கண்ணாடி போடுவானா என்று கேட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து என்றேன். ஓடுவானா என்றார், சிலருக்கு உடம்பு குலுங்க ஓடினால் பொடி கூடுதலாக உதிருமாம். மாரத்தானே ஓடுகிறான் என்றேன். இதை ஃபோனில் சொன்னால், எனக்கு நல்லாத்தானே தெரியுதும்மா, சும்மா பயமுறுத்தாதே என்கிறாய். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது, கடைசி பெஞ்சில் காப்பி அடிப்பவனை இருந்த இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்ற விமான டிக்கெட் எடுக்கத் துடிப்பவனுக்குப் பக்கத்துத் தெரு கண் டாக்டரிடம் போக நேரமில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. பயம் என்றால் பயம் என்று சொல். எனக்கும் பயம்தான், இருந்தாலும் பரிசோதனைக்குப் போகிறேன்.

நீண்ட ஆயுளும் அது முழுக்கப் பார்வையும் உனக்கு உண்டாகட்டும். கண் அழுத்தத்தை அளந்து, வந்த எண்ணை எழுது. அது வந்து சேரும்வரை என் கண்ணைப் பற்றிய உன் யோசனை எதுவும் இந்த வீட்டில் செல்லாது.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமதி