லிஃப்ட் அம்மா படியேறியது

என் அன்பு வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம். போன கடிதம் வரை சுகம் என்று எழுதும்போது என் வலது முழங்காலை விட்டுவிட்டுத்தான் எழுதினேன், இந்த முறை அதையும் சேர்த்தே எழுதுகிறேன், சிரிப்பில் பேனா ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிரசவத்துக்கு வா என்று நீ கூப்பிட்டபோது லீவு கிடைக்காது என்றேன் இல்லையா, அது சுத்தப் புளுகு. உன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று நீ சொன்ன நிமிஷமே அந்தப் பொய்யைத் தயார் பண்ணிவிட்டேன். இரண்டு வருஷம் முன்பு ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்த பிறகு நாலு படி ஏறினாலே கண்ணில் பூச்சி பறக்கும். இருபத்தாறு வருஷமாக ஆபீஸ் லிஃப்டில் ஊரையே மேலே ஏற்றி இறக்குகிற லிஃப்ட்காரியால் தன் மகள் வீட்டுக்கு ஏற முடியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. உன்னைத் தனியாக விட்டுவிடுவேனோ என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன்.

மூன்று மாதம் முன்பு எலும்பு டாக்டரம்மாவிடம் போனோம். உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து மெஷின்ல சுத்தவிட்டு, காயத்தை ஆத்துற பிளேட்லெட் நிறைஞ்ச பகுதியை மட்டும் பிரிச்சு முட்டியில போடுவோம், பிஆர்பின்னு பேரு, சிலருக்குக் கேக்கும் சிலருக்குக் கேக்காது, நான் சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன் என்றார். உடனே உன் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என் ரத்தத்தை எடுத்துக்கங்க டாக்டர், அவ ரத்தத்துல கோபம் ஜாஸ்தி, முட்டி கொதிச்சுடும் என்றாரே பார்க்கலாம்! டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவு வீரம் பேசிய மனுஷன், என் ரத்தம் குழாயில் ஏறியதைப் பார்த்ததும் வெளிறிப்போய் என் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார், நர்ஸ் அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள். சுற்றி எடுத்த குழாயில் கீழே சிவப்பு, மேலே இளமஞ்சள் என்று பிரிந்து நின்றது, அந்த மஞ்சளிலிருந்துதான் எடுத்து ஊசி போட்டார்கள். முதல் வாரம் வலி முன்னைவிட அதிகம். வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை எதையும் தொடக் கூடாது, அது ஊசியின் வேலையைக் கெடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டு, ஒளித்த இடத்தை மறந்தும்விட்டார், இப்போது அவர் தலைவலிக்கு என் திட்டுதான் மருந்து. ஆறு வாரம் கழித்து ஒரு நாள் லிஃப்டுக்குள் என் ஸ்டூலிலிருந்து எழுந்தேன், எழுந்த பிறகுதான் கையை ஊன்றவே இல்லை என்று உறைத்தது.

அப்புறம் பிசியோதெரபி சொல்லித் தருகிறவர் சொன்னபடி சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் படியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகினேன். அதில்தான் கூத்து. போன செவ்வாய்க்கிழமை நான் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கணக்குப் பிரிவு அம்மா பார்த்துவிட்டு, ஐயய்யோ, லிஃப்ட் அம்மாவே படியில போறாங்க, லிஃப்ட் அறுந்துடுச்சு போல என்று கத்த, ஆபீஸே ஃபைலைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்துவிட்டது. மேனேஜர் மெக்கானிக்கை வரவழைக்க, அவர் மோட்டார் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கோளாறும் இல்லையே என்று தலையைச் சொறிகிறார். எனக்குப் பின்னால் முப்பது பேர், நிற்கவும் வழியில்லை திரும்பவும் வழியில்லை, சிரித்துக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்க நின்று பார்த்தால் ஐந்தாவது மாடி! முட்டியில் லேசாக ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். உங்களுக்கு மெமோ குடுக்கறதா லீவு குடுக்கறதா என்றார் மேனேஜர். லீவாகவே வாங்கிக்கொண்டேன், இரண்டு மாதம்.

உன் வீடு நாலாவது மாடிதானே, எனக்கு ஒரு மாடி மிச்சமே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கனமான வாளியை மாப்பிள்ளை தூக்கட்டும். நீயும் சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் வருகிற அன்று என்னைக் கைத்தாங்கலாக ஏற்றுகிறேன் என்று கீழே இறங்கி வந்து நிற்காதே. கதவைச் சாத்திக்கொண்டு மேலேயே இரு. நான் ஏறி வந்து தட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா