மடிகூரை வண்டியும் தூதரின் கழுத்தும்

நலம் பெருகுக, மழை பிழையாது பொழிக. வெண்கோட்டு மலைக்கும் அதனடிப் புல்வெளிகளுக்கும் உரியவராய், குதிரைகளைப் பேர் சொல்லி அழைக்கும் பரித்துறை வேந்தர் இளவெழினியார் திருமுன்பு, காந்தள்நாட்டு நீதியமைச்சர் கூத்தன் பெருந்தேவன் விடுக்கும் ஓலை.

தாங்கள் அன்பளித்த மடிகூரை வண்டி வந்து சேர்ந்தது. எம் நாட்டுத் தேர்கள் நகர்வதற்கே நாள் பார்க்கும். இதுவோ குதிரைகள் காதை அசைத்தாலே கிளம்பிவிடுகிறது. மூங்கில் வளைவுகளில் எண்ணெய்த்தோல் போர்த்த கூரை, இழுத்தால் விரிகிறது. தள்ளினால் பின்னே போய்ப் படுத்துக்கொள்கிறது. அதைக் கண்ட எம் மன்னர் உண்ண மறந்தார். இந்நாட்டில் இது முன்பு நிகழ்ந்ததில்லை.

நேற்று மன்னர் தங்கள் தூதர் நல்லூழனாரை அருகிருத்திக் கடைவீதியில் உலாப் போனார். மழை பிடித்துக்கொண்டது. மன்னர் தம் கையாலேயே கூரையை இழுத்து விரித்து, குழந்தைபோல் மகிழ்ந்தார். ஆனால் இங்கு ஒரு வழக்கமுண்டு. வீதியில் அரசர்க்கு மேல் விரிந்த குடை அல்லது கூரையின் நிழலில் இன்னொரு தலை இருக்கக் கண்டால், அது அரசுரிமை கேட்பதாகக் கொண்டு நீதியமைச்சர் அதை இறக்கிவிட வேண்டும். அவர் தம் கண்ணால் காண்பதே சான்று. மகிழ்ச்சியில் மன்னர் இதை மறந்தார். மோர்க்காரி பூங்காவி மறக்கவில்லை. அரசர் இருவரென்றால் வரியும் இரண்டோ என்று அவள் வீதிக்கே கேட்கும்படி வினவினாள்.

கூக்குரல் கேட்டு யாம் வாளுடன் விரைந்தோம். வயது காரணமாக அது விரைவாகத் தோன்றவில்லை. வாளைக் கண்ட தூதர் சுண்ணாம்பாய் வெளுத்தார். தமக்கு அரசு வேண்டாமென்றும், ஊர் போய்ச் சேர்ந்தால் போதுமென்றும் முறையிட்டார். மன்னரும் பதறிக் கூரையைப் பற்றினார். ஆனால் இழுக்க மட்டுமே கற்றிருந்ததால் மேலும் இழுத்தார். தூதர் மரியாதை யாவும் மறந்து, தள்ளித் தொலைக்குமாறு வேண்டினார். மன்னர் தள்ளினார். கூரை ஒரே மடிப்பில் பின்னே சாய்ந்தது.

யாம் சென்று சேர்ந்தபோது கண்டவை நனைந்த தலைகள் இரண்டு, நிழல் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை என அங்கேயே தீர்ப்பளித்தோம். இத்துணை விரைவாக மடங்கும் கூரையைச் செய்த தச்சர் நீடு வாழ்க.

இத்தகைய வண்டிகள் இன்னும் ஆறு அனுப்பியருள்க என்பது மன்னர் விருப்பம். தூதர் ஊர் திரும்புகிறார். எந்த வண்டியும் வேண்டாம், நடந்தே போகிறேன் என்கிறார். இவ்வோலையைக் கொணர்பவரும் அவரே. ஓலையும் தலையும் பழுதின்றி வந்தமை கண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே முத்திரையிட்டு மறுவோலை விடுக்க.

காந்தள் முத்திரை.