கொப்பரின் மூலிகைக் கொடி

ஸ்காபரோ,
ஓகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிலக்சிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் கொப்பரும் நீ நட்டுவிட்டுப் போன ஹொப்ஸ் கொடியும் இங்கே சுகம், மூன்றிலும் கொடிதான் கூடச் சுகம். நீயும் ஹலிபக்ஸில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு நன்றாயிருக்க முருகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கோப்பை கழுவுவாய், அப்பாவின் குரல் கேட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

பனி போன கையோடு உன் கொடி முளைத்துவிட்டது. கயிறு கட்டி நேரே இருபது அடிக்கு ஏறவிட வேண்டும் என்று நீ படம் கீறி அனுப்பியிருந்தாய், ஆனால் கொப்பருக்குத் தெரியாத தோட்டமா? பாவலுக்கும் புடலைக்கும் போடுவது மாதிரித் தலை உயரத்தில் பந்தல் போட்டார். கொடி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, பந்தலைத் தாண்டிப் பக்கத்து மேப்பிள் மரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. காய் நேராக வளரக் கல் கட்ட வேணுமோ என்று வேறு என்னிடம் கேட்டார். பெருவிரல் அளவு பூவுக்குக் கல் கட்ட யோசித்த மனுசன் இந்தக் கனடாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தோட்டம்தான் அப்படியென்றால், இது என்ன கொடி என்று யாரும் கேட்டால் சொல்லவும் அவருக்கு வாய் வராது. பியருக்குப் போடுகிற பூ என்று சொன்னால் மகள் பியர் காய்ச்சுகிறாள் என்று தெரிந்துவிடும், ஊர் என்ன சொல்லும்? போன வருடம் லக்சிகாவின் கலியாண வீட்டில் உன்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே ‘மகள் உணவு விஞ்ஞானத்தில ஆராய்ச்சி செய்யிறா’ என்று சொன்னாரே, நீயும் அடுத்த நாளே பிளேன் ஏறினாய், அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு லீவு கிடைக்காதாக்கும்.

இப்போது நடந்ததைக் கேள். ஜூலையில் சச்சிதானந்தன் அண்ணை வந்திருந்தார், டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர், அப்பாவோடு வேலை செய்தவர், உனக்குத் தெரியும். ‘உது என்ன கொடி மகேஸ்?’ என்று கேட்டார். கொப்பர் கொஞ்சமும் யோசிக்காமல் ‘உது ஒரு மூலிகை அண்ணை’ என்றார். அண்ணை ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார், கசப்பில் முகம் கோணிப்போனது. எங்கள் ஆட்களுக்கு வாயில் கைத்தால் போதும், சீனி வருத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த கிழமையே அவரின் மனைவி ஜெயமலர் அக்கா பையோடு வந்து நின்றார். ஒரு நெட்டுக் கறிவேப்பிலை கேட்டால் கன்றுக்கு நோகும் என்கிற மனுசன் இதைப் பை பையாக அள்ளிக் கொடுத்தார். அவர்கள் அதை அவித்து வடித்துக் காலையும் மாலையும் குடித்தார்கள். கோயிலில் ஆட்கள் என்னிடம் கன்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள், பிக்கரிங்கிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இலை பிடுங்கிக்கொண்டு போனது. டொக்டர் மகேஸ்வரன் வீட்டில் இருக்கும்போது நான் வாய் திறக்கலாமா?

மூலிகை நன்றாக வேலை செய்கிறது என்று சச்சி அண்ணை நீரிழிவுக்கு டொக்டர் கொடுத்த சீனிக் குளிசையை நிறுத்திவிட்டார். போன ஞாயிறு வீட்டில் மயங்கி விழுந்து எமெர்ஜென்சிக்குக் கொண்டு போனார்கள். ஜெயமலர் அக்கா அழுதுகொண்டு போன் எடுத்து, ‘தம்பி, உந்த மூலிகைக்கு என்ன பேர், டொக்டர் கேக்கிறார்’ என்றார். கொப்பர் என்னைப் பார்த்தார், நான் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன். ‘ஹொப்ஸ்’ என்று மெல்லச் சொன்னார். அக்காவுக்கு விளங்கவில்லை, டொக்டருக்கு விளங்கிவிட்டது, உங்கள் வீட்டில் யார் பியர் காய்ச்சுவது என்று கேட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேரும்போது பிளாஸ்கில் சூப்போடு வந்த சொந்தக்காரர் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், களவாகப் பியர் குடித்திருக்கிறார் என்று அக்கா அண்ணையை முறைத்துக்கொண்டிருக்கிறார். குடித்தறியாத மனுசன், பாவம், கள்ளன் மாதிரிப் படுத்திருக்கிறார்.

கொப்பர் பேசாமல் இருந்திருக்கலாம், இருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், ‘அண்ணையைக் குறை சொல்லாதேங்கோ அக்கா. உது மூலிகை இல்லை, பியருக்குப் போடுறது. என்ர மகள்தான் நட்டவள். அவள் பியர் காய்ச்சிறவள், அதுதான் அவளின்ர வேலை. நான்தான் வெக்கத்தில பொய் சொன்னனான்’ என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை, அது வீட்டில் கிடந்தது. வானம் இடிந்து விழவும் இல்லை. சச்சி அண்ணைதான் கட்டிலில் கிடந்தபடியே ‘பிள்ளையின்ர பியர் இஞ்ச கடையில கிடைக்குமோ’ என்று கேட்டார், அக்காவின் கையிலிருந்த சூப் பாதி கட்டிலில் ஊற்றுப்பட்டது. பிழை இலையில் இல்லை, குளிசையை விட்டதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணை இப்போது வீட்டில், குளிசையும் ஒழுங்காகப் போடுகிறார்.

செப்டெம்பர் முதல் கிழமை, லேபர் டே மட்டில் பூ பறிக்கலாம் போலிருக்கிறது. கொப்பர் காலையில் எழுந்து ஒரு பூவை நசுக்கிக் காதில் வைத்துக் கேட்கிறார், முற்றிய பூவென்றால் கடதாசிச் சத்தம் வரவேண்டுமாம், வீடியோவில் பார்த்தாராம். என்னைத் தொட விடுவதில்லை, அவள் வந்து பறிக்கட்டும் என்கிறார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதே, அது அவருக்கு வராது. பெரிய ஏணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், நீ ஏறுவாயாம், அவர் கீழே நின்று பிடிப்பாராம். உன் கோபம் நியாயம்தான், அதையும் பெட்டியில் போட்டுக் கொண்டு வா, இங்கே வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் பிள்ளை, வேறொன்றும் இல்லை.

கடல் காற்றில் தலை நனையத் திரியாதே. காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே. நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் நீ நன்றாயிருக்க வேண்டும். டிக்கெற் போட்டதும் எனக்கு இல்லை, அப்பாவுக்கே நேரே போன் எடுத்துச் சொல்லு. உறையில் முகவரி எழுதியது அவர்தான். உன் பெயருக்குக் கீழே உன் வேலையையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார், தபால்காரனுக்கு அது தேவையில்லை என்றேன், இருக்கட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா