பச்சைப் பட்டையை நம்பாதவளுக்கு

இன்று காலை டெல்லி துவாரகா வீட்டில், எழுதி முடித்த நிரலுக்கான சோதனைகளை ஓட்டினேன். கண் இமைப்பதற்குள், எல்லாம் தேறிவிட்டது என்று திரையில் பச்சைப் பட்டை வந்து நின்றது. இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றியதுமே உன் நினைவு வந்துவிட்டது.

கரோல் பாக் மாடி அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு ரத்த வங்கிக்காக ஜாவாவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நோயாளிக்குப் பொருந்தாத ரத்தத்தை அது தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் தட்டிப் பார்க்காமல், சோதனை நிரலே மென்பொருளைத் திறந்து பொத்தான்களை அழுத்திப் பார்க்கும்படி இருவருமாகச் செய்து வைத்தோம். எல்லாம் பச்சை. மேலாளர் இனிப்பு வரவழைத்துவிட்டார்.

நீ மட்டும் தொடவில்லை. டெல்லிக்கு வந்தும் நாகர்கோவில் பேச்சை விடாதவள் நீ.

"ஏட்டி, ஸ்கிரீன்ல விண்டோ எப்பம் தொறந்துச்சு? நான் பாத்துட்டுதான இருந்தேன்."

மேலாளர் என்னைத் தனியே அழைத்து, அவள் வேறு கம்பெனிக்குப் போகிறாளா, அதனால்தான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாளா என்று உன்னைப் பற்றி இந்தியில் விசாரித்தார். திரும்பி வந்தபோது நீ, பொருந்தாத ரத்தத்தைத் தடுக்கும் வரியையே நிரலிலிருந்து அழித்திருந்தாய். என் முன்னால் சோதனையை ஓட்டினாய். அப்போதும் பச்சை.

இருவருமாகத் தேடிப் பார்த்தோம். மென்பொருள் திறக்கும்போதே தடுக்கி விழுந்திருக்கிறது. அது சோதனையோடு சேராமல் தனிப் பாதையில் ஓடியதால், விழுந்த சேதி சோதனைக்கு எட்டவே இல்லை. அழித்த வரியைத் திரும்பச் சேர்த்து, விண்டோ உண்மையாகவே திறக்கும்வரை சோதனை காத்திருக்கும்படி மாற்றி எழுதினோம். இப்போது தேறாமல் சிவப்பு வந்தது. அடுத்த நோயாளியைத் திறந்தாலும் முந்தையவரின் ரத்த வகையே திரையில் தங்கியிருந்தது.  அதைப் பார்த்த மேலாளர் தானே ரத்த வங்கிக்குப் போன் செய்து, இன்னும் முடியவில்லை என்றார்.

பல வருடங்கள் கழித்து உனக்கு உடம்பு முடியாமல் போனபோது, எல்லாம் நார்மல் என்ற ரிப்போர்ட்டுடன் உன் கட்டிலருகே ஓடி வந்தேன்.

"என்னத்த டெஸ்ட் பண்ணுனாவன்னு கேட்டியா?" என்றாய்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவே இல்லை. பிறகு அதைப் பார்த்தபோது நோய் தெரிந்துவிட்டது. அடுத்த குளிருக்கு நீ இல்லை.

எல்லாம் சரி என்று யார் சொன்னாலும், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று இன்றும் கேட்கிறேன். எரிச்சலோடுதான் பதில் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சிலர் பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி பார்த்துவரப் போகிறார்கள்.