வாசலில் நின்றவர்கள்

மார்ச் 4
தலைநகர் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏழு அறை. ஒன்று இவருக்கு, ஒன்று இவருடைய கோப்புகளுக்கு. மிச்சத்தில் நானும் சோபாக்களும் குடித்தனம் பண்ணுகிறோம். மலைச் சனமான எங்களில் அமைச்சரான முதல் ஆள் இவர். ஜெயித்த அன்று தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்டு, "இனிமே அங்க நமக்கும் ஒரு வீடு இருக்குக்கா" என்றாள். இதுவரை எட்டிப் பார்க்கவில்லை, கழுதை. மலையில் போனும் எடுக்காது.

மார்ச் 11
இன்றும் யாரும் வரவில்லை.

மார்ச் 19
சாப்பிடும்போது இவரே ஆரம்பித்தார். "நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட குறைன்னு வரல பாரு. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

இவருடைய அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். லாரிகளாக வாங்கித் தள்ளுகிறார். எதற்கு என்று இவரிடம் கேட்டேன். தண்ணீர் கேட்டார்.

எங்கள் மலைப் பேச்சில் யாராவது என்னைத் திட்டினால்கூடப் போதும் போல் இருக்கிறது.

மார்ச் 27
காவலாளியிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உங்க மலை ஆளுங்க அப்பப்ப வந்து எதிர்ல நிப்பாங்கம்மா. பெல் அடிக்க மாட்டாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சாயங்காலம் போயிடுவாங்க" என்றார். நெற்றியில் தழும்பு உள்ள பெண் ஒருத்தி மூன்று தடவை வந்தாளாம். என் தங்கச்சி!

எங்கள் சனம் கதவைத் தட்டாது. தட்டினால் வீட்டாரை அதட்டியது மாதிரி. வீட்டுக்காரர் வெளியே பார்த்து "வா" என்று சொல்லும்வரை நிற்கும். இங்கே யார் வெளியே பார்ப்பது? ஆள் உயரத்துக்கு மேல் மதில்.

இவரிடம் சொன்னேன். "பெல் இருக்குல்ல?" என்றார். இவரும் அங்கே பிறந்தவர்தானே?

ஏப்ரல் 2
கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காவலாளிக்குத் தர்மசங்கடம்.

ஏப்ரல் 9
வந்தாள்! ஓடிப்போய் "வாடி" என்றேன். நகரவில்லை. "அக்கா கூப்பிடறாளா, அமைச்சர் வீட்டம்மா கூப்பிடறாங்களா?" அழுதுவிட்டேன். அப்புறம்தான் உள்ளே வந்தாள்.

அவர்கள் குடியிருக்கும் சரிவைக் கல் குவாரிக்குக் கேட்கிறார்களாம். தடுக்கச் சொல்லத்தான் அத்தனை தடவை வந்திருக்கிறாள். இவர் வந்ததும் கேட்டாள்.

"போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சும்மா. வேண்டாம்னு யாருமே வந்து சொல்லலியே?"

"மூணு தடவை வந்து சொன்னேன் மாமா" என்றாள். நின்றதைத்தான் சொன்னாள்.

அந்த லாரிகள் எதற்கென்று இப்போது தெரிகிறது. அவளோடு நானும் கிளம்புகிறேன்.

மே 16
தங்கச்சி வீடு. சரிவின் அந்தப் பக்கம் வெடி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தது இந்தப் பக்கம். எனக்கு இவர்மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனால் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, வெட்கம் கெட்ட மனசு. வந்துவிட மாட்டாரா?

ஜூன் 3
வந்தார். காரைக் கீழேயே விட்டுவிட்டுத் தனியாக ஏறி வந்து வாசலில் நின்றார். குரல் கொடுக்கவில்லை, தட்டவில்லை. நின்றார். செருப்பெல்லாம் குவாரிப் புழுதி. மறக்கவில்லை இவர்.

ஆனால் வீடு தங்கச்சியுடையது. கூப்பிட வேண்டியவள் அவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "நீ சொன்னா கூப்பிடறேன்க்கா" என்றாள்.

இவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார்.

"நறுக்கி முடி" என்றேன்.